சைபர் புள்ளி ஒன்பது

அனந்தபுரத்து அத்தை வீட்டிலிருந்து நான் திரும்பியபோது, விதை மல்லாட்டை வைத்திருந்த சாக்கு வெறுமையாகக் கொடியில் தொங்கியது. அதன்மேல் நீல மையால் 0.9 என்று எழுதியிருந்தது.

அரிசிக்கு ரேஷன் வந்த வருஷம் அது. விவசாய இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்து, வீட்டுக்கு வீடு விதை வேர்க்கடலையில் கொஞ்சம் எடுத்து, ஈரத்துணியில் முளைவிட வைத்துப் பார்த்தார்களாம். முளைத்த கணக்கை அந்தந்த மூட்டைமேல் எழுதிவிட்டுப் போனார்களாம். பக்கத்துக் கொல்லை இளையபெருமாள் மூட்டையில் 35. எங்களுடையதில் இது.

“ஒண்ணத் தொடறதுக்கே உன் மூட்டைக்கு மூச்சு வாங்குதே, மாமா” என்று இளையபெருமாள் என் நைனாவைக் கேலி பேசியிருக்கிறார். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. முளைக்காதது எண்ணெயாகவாவது ஆகட்டும் என்று எல்லாவற்றையும் செக்குக்கு அனுப்பிவிட்டார். வெள்ளைக் கன்றை இளையபெருமாளிடம் கொடுத்து அவர் விதையை வாங்கிக்கொண்டார். அம்மா இதைச் சொல்லி முடிக்குமுன் நான் சாக்கை இறக்கி அந்த எண்ணை மறுபடி பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் நான் கடைசியாகப் படித்தது தசமக் கணக்கு. புள்ளிக்கு வலப்பக்கம் ஒன்பது என்றால் பத்தில் ஒன்பது. நூற்றுக்குத் தொண்ணூறு. வந்தவர்களில் ஒருவர் தசமத்தில் எழுதியிருக்கிறார். மற்றவர் நூற்றுக்கு இத்தனை என்று எழுதியிருக்கிறார்.

செக்குக்கு ஓடினேன். மாடு அவிழ்த்தாகிவிட்டது. பிண்ணாக்கு ஓரமாகக் குவிந்து கிடந்தது.

அங்கிருந்து எங்கள் புன்செய்க் கொல்லைக்கு. ராஜகிரி மலைமேல் மேகம் விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நைனா ஏர் பிடிக்க, அக்கா பின்னால் விதை போட்டுக்கொண்டு போனாள். நைனாவிடம் நான் வாய் திறந்து அதிகம் பேசியதில்லை. சதவீதம் என்றால் அவருக்குப் புரியாது. மரக்காலுக்கு எட்டுப் படி என்பது புரியும்.

“நைனா, நம்ம வெத மரக்காலுக்கு ஏழு படிக்கு மேல மொளைக்கும். இது மூணு படிகூட மொளைக்காது.”

ஏர் நின்றது.

“முன்னால சைபர் போட்டிருந்தானே. ஒண்ணுமில்லன்னாதானே சைபர் போடுவான்?”

“முழுசா ஒண்ணு இல்லன்னு போட்டான், நைனா.”

அவர் உழுத சாலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஈரம் காய்ந்தால் விதைப்பே கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒன்று போடும் இடத்தில் மூன்றாகப் போடச் சொன்னார். பாதிக் கொல்லைகூட ஆகவில்லை, வாங்கிய விதை முழுதும் தீர்ந்து கூடை காலியாகிவிட்டது. அதற்குப் பிறகும் நைனா மாட்டை ஓட்டி, வெறும் சாலாக உழுதுகொண்டே போனார். காலிக் கூடையோடு அக்கா அவர் பின்னாலேயே நடந்தாள்.