ஹாரனுக்கு எழும்புகிறவள்

நெய்யாற்றின்கரையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற பஸ்ஸில் லேகா திடீரென்று எழும்பி நின்றாள். மடியிலிருந்த காய்கறிப் பை சரிந்து, சின்ன உள்ளியெல்லாம் முன் சீட்டுக்கு அடியில் உருண்டது.

“எங்க சேச்சி போறீங்க? நம்ம ஸ்டாப்பு இன்னும் வரலியே” என்றாள் பக்கத்திலிருந்த ஜினி. இருவருக்கும் ஒரே ஜவுளிக்கடையில் வேலை.

பஸ்ஸுக்குப் பின்னால் யாரோ ஒருவனுடைய பைக் ஹாரன் அடித்திருந்தது. இரண்டு குறுக்கி, ஒன்று நீட்டி. அவள் புருஷன் ஷிபு வீட்டு வாசலில் அடிப்பதும் அப்படித்தான். அடித்ததும் அவள் ஓடிப்போய் கேட்டைத் திறக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் குளித்துக்கொண்டிருந்ததால் தாமதமாகிவிட்டது. அவன் கை நீட்டவில்லை, ஏசவும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் தட்டில் விளம்பிய சோற்றைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவள் தாமதித்ததே கிடையாது. அடுப்பில் பால் பொங்கினாலும், காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும், அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக வாசலுக்குப் போய்விடும். அதை அன்பு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். குனிந்து உள்ளி பொறுக்கும்போதுதான் சுருக்கென்றது. எவனோ அடித்த ஹாரனுக்கும் இந்த உடம்பு எழும்புகிறதே. அன்பென்றால் அதற்கு ஆள் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளும் மகள் தன்யாவும் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன்கறியும் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்பூரிக்கு ரப்பர் ஷீட் விஷயமாகப் போயிருந்த ஷிபு வந்துவிட்டான். வாசலில் ஹாரன் அடித்தது.

லேகா இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்திக்கொண்டாள். முட்டு துடித்தது. எழும்பவில்லை. ஆனால் எதிரே நாற்காலி நகர்ந்தது. தன்யா எழுந்துவிட்டிருந்தாள். கண் போனிலேயே இருந்தது. அப்பாவென்று அவள் நினைத்துப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. கால் மட்டும் நடக்கத் தொடங்கியிருந்தது.

லேகா மகளின் கையை எட்டிப் பிடித்தாள்.

“இரி மக்கா.”

“அப்பாவாக்கும் அம்மா.”

“தெரியும். கேட்டு பூட்டல்ல, சும்மா சாத்தித்தான் கெடக்கு. அப்பாக்கு ரெண்டு கையும் உண்டு. நீ இருந்து தின்னு.”

“பொறவு அவிய பேசமாட்டாவளே.”

“பேசாண்டாம்.”

மறுபடியும் ஹாரன். இந்த முறை வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு சத்தம் நின்று, பைக்கும் அணைந்தது.

“எட்டி! செவி கேக்காதா?”

“கேக்குது” என்றாள் லேகா, இருந்த இடத்திலிருந்தே. தன் குரல் வாசல் வரைக்கும் போகும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. “தின்னுட்டு இருக்கோம். தெறந்து வாங்க.”

தன்யா மெல்ல உட்கார்ந்தாள். மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. லேகா இடது கையை மகளின் முட்டில் வைத்து அழுத்தினாள். வலது கையால் ஒரு துண்டுக் கிழங்கைக் கறியில் தோய்த்து வாயில் போட்டாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. மென்றாள்.

ஜன்னல் கம்பி வழியாக ஷிபு தெரிந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்தவன் போல அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றான்.