பெண்டுலத்தைப் பிடித்தபோது

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு மயிரிழைக் கம்பியைப் பற்றவைப்பது பெரிய காரியமில்லை. சாதாரண குவார்ட்ஸ் கடிகார மெஷின் ஒன்றை வாங்கிப் பிரித்தாள். நேரத்தை எண்ணும் சிப்பைப் பிடுங்கி எறிந்தாள். காயில் என்ற கம்பிச்சுருளை மட்டும் விட்டுவைத்து, அதிலிருந்து இரண்டு ஒயரைத் தான் செய்த பெண்டுலத்துக்கு இழுத்தாள். இனி பெண்டுலம் இந்தப் பக்கம் ஆடினால் மின்சாரம் நேராகப் போகும், அந்தப் பக்கம் ஆடினால் தலைகீழாக. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முள் ஒரு விநாடி நகரும். பெண்டுலம் நின்றால் முள்ளும் நிற்க வேண்டும். அதற்காகத்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள்.

கண்காட்சிப் போட்டிக்கு அந்தக் கடிகாரத்தைத் தூக்கிப் போனவன் கொழுந்தன். செல்போன் கடைக்காரன். வேலை முடிந்து அவள் போய்ச் சேர்ந்தபோது, நடுவர் கடிகாரத்தின் முன் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அபாரம்மா! காலையிலேர்ந்து ஒரு விநாடிகூடப் பிசகலை. முதல் பரிசு உங்களுக்குத்தான்."

அவளுக்குச் சுருக்கென்றது. நேற்றுவரை முந்திக்கொண்டே ஓடிய கடிகாரம் அது! கை நீட்டிப் பெண்டுலத்தைப் பிடித்தாள். முள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"கத்தாதீங்க அண்ணி," என்றான் கொழுந்தன். "வண்டியில வர்றப்ப ஒயர் அறுந்துபோச்சு. புது மெஷின் ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். பெண்டுலம் பாட்டுக்கு ஆடுது, முள்ளு பாட்டுக்கு ஓடுது. யாருக்குத் தெரியப் போகுது?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சதும் இல்லாம, பரிமாற வேற வந்துட்டியா? ஒரு போன் பண்ணக் கூடாது?"

"பண்ணா திட்டுவீங்களே!"

அவள் நடுவர் பக்கம் திரும்பினாள். "சார், முள்ளை ஓட்டுறது கடையில வாங்கின மெஷின். பெண்டுலம் சும்மா ஒப்புக்கு ஆடுது. பரிசு வேண்டாம்."

நடுவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விடுங்கம்மா. பாக்க லட்சணமா இருக்குல்ல? போட்டோக்காரர் வேற வந்துட்டாரு. கொஞ்சம் சிரிங்க."

"கேட்டீங்களா அண்ணி? அவரே சொல்லிட்டாரு," என்று இளித்தான் கொழுந்தன்.

இவனாவது பயத்தில் செய்தான். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. கடிகாரத்தின் பின்னால் கைவிட்டு, புது மெஷினின் பேட்டரியைப் பிடுங்கினாள். முள் நின்றது. பெண்டுலத்தை லேசாகத் தள்ளிவிட்டாள். அது மட்டும் ஆடத் தொடங்கியது.

"இப்ப எடுக்கச் சொல்லுங்க சார் போட்டோ," என்றாள்.