அலமாரிக்குள் எட்டு நுண்ணோக்கிகள்

எட்டு நுண்ணோக்கிகள் வந்து இறங்கிய அன்றே தலைமையாசிரியர் அவற்றைத் தன் அறைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் கைபட்டால் கெட்டுப்போகுமாம். அதிகாரிகள் வந்தால் அலமாரி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம்.

உயிரியல் டீச்சருக்கு வயிறு எரிந்தது. அவள் பட்ட பாடு கொஞ்சமா? அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் இணையதளத்தில் வேண்டுகோள் எழுதி, காலி ஆய்வகத்தைப் படமெடுத்துப் போட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கியது. பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு இன்னும் மூன்றே வாரம். முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட நுண்ணோக்கியைத் தொட்டதில்லை. புத்தகத்திலிருக்கும் படத்தைத்தான் பயபக்தியோடு பார்த்து வந்தார்கள்.

கேட்டுப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். தேர்வு முடியட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றார் அவர். அப்புறம் எடுத்து ஊறுகாயா போடுவது என்று கேட்க வாய்வரை வந்தது. மென்று விழுங்கிக்கொண்டாள்.

அந்தத் தளத்தில் ஒரு நிபந்தனை உண்டு. மாணவர்கள் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும், தலைமையாசிரியர் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட வேண்டும், பிறகு அவை தளத்தில் எல்லோர் பார்வைக்கும் வரும். டீச்சர் வகுப்பில் தாள்களைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க. பொய் எழுதக் கூடாது."

பிள்ளைகளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைமையாசிரியர் அறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மூன்று நுண்ணோக்கிகள் தெரிவதாகவும், குட்டையானவர்களை மற்றவர்கள் தூக்கிக் காட்டுவதாகவும் ஒருத்தி எழுதினாள். வகுப்பிலேயே பெரிய வாயாடியான சோடாபுட்டி, பூட்டு மிக உறுதியானது, நன்கொடையாளர்கள் கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்லியிருந்தாள். டீச்சர் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினாள்.

தலைமையாசிரியர் எதையும் போனில் பேசிக்கொண்டேதான் கையெழுத்துப் போடுவார். முப்பத்தொன்றிலும் போட்டார், தேதியோடு. டீச்சருக்கு மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

மூன்றாம் நாள் கடிதங்களுக்குக் கீழே பதில்கள் குவிந்தன. ஒருவர் ஏணி வாங்கித் தரட்டுமா என்று கேட்டிருந்தார். நன்கொடை கொடுத்திருந்த ஓர் அம்மாள் எழுதியது இது: 'பிள்ளைகளே, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளும் இருபத்திரண்டு வருடமாக அலமாரிக்குள்தான் இருக்கின்றன. இப்படிக்கு, உங்கள் தலைமையாசிரியரின் மனைவி.'

மறுநாள் காலை தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதையெல்லாம் படிச்சுப் பாத்துதான் குடுத்தீங்களா?"

"நீங்களும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்கன்னு நினைச்சேன், சார்."

அவர் அலமாரிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அன்று ஆய்வகத்தில் வெங்காயத் தோல். சோடாபுட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தவள் நிமிரவே இல்லை. வாய் ஓயாத பெண் மூச்சுக்கூடக் காட்டவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் நூறு பேரிடம் கையேந்தலாம் என்று டீச்சருக்குத் தோன்றியது.

தளத்தில் போடப் படம் எடுக்க வந்த தலைமையாசிரியர், எல்லோரும் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார். ஒரு தலையும் திரும்பவில்லை. அப்படி என்னதான் தெரிகிறது என்று அவரும் மெல்லச் சோடாபுட்டியின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்: "சார், வரிசையில வாங்க."

அவர் நிமிர்ந்தார். பிறகு போய்க் கடைசிப் பையனுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.