மஞ்சள் மாளிகையில் பிடுங்கிய பூ

1
இந்தக் கதை களவெடுத்தது. [‘நான் களவெடுத்தேன்’ என்று எழுதினால் என்னைத்தான் பிடிப்பார்கள். ஆகவே களவெடுத்தவர் அன்புராசா, கனடாவில், ஸ்காபரோவில் கதை எழுதுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 1994.] போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் யோகராணி இதைச் சொன்னாள். மேசையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்புராசாவுக்குக் கை துருதுருத்தது.

2
‘சுவீடனில் பழைய மரமாளிகை ஒன்று, மஞ்சள் பூச்சு, வெள்ளை யன்னல்கள்...’ சீ, சுற்றுலாக் கைநூல் மாதிரி இருக்கிறது.

மறுபடி. அகதி முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றிப்போய் மாளிகை காட்டினார்கள். வழிகாட்டி உள்ளே கூரை ஓவியத்தை விளக்க, யோகராணி மெல்லத் தோட்டத்துக்கு நழுவினாள். அன்று வெள்ளிக்கிழமை. சாமிப் படத்துக்குப் பூ எடுக்க யாரிடம் கேட்பது? போட்டிருந்த கோட்டின் முன்பக்கத்தை மடியாக ஏந்தி நிறையப் பிடுங்கினாள். [என்ன பூவென்று அன்புராசாவுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. வெள்ளை, பெரியது.] நிமிர்ந்தால், தோட்டக்காரர் கத்தரிக்கோலோடு நிற்கிறார். பயத்தில் பூவை அவரிடமே நீட்டினாள். அவர் ஒன்றைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

3
திங்கட்கிழமை யோகராணி போன் எடுத்தாள்.

“அண்ணை, உந்தப் பூக் கதையை எழுதிறியளாம்?”

“பேரை மாத்திறன், பிள்ளை.”

“பேரை மாத்தினா? அண்டைக்குச் சிரிச்ச அவ்வளவு பேருக்கும் ஆள் ஆரெண்டு தெரியும். சுவீடன்காரர் என்னை அகதியா ஏற்க ஏலாதெண்டிட்டாங்கள். இஞ்ச கொழும்பிலயிருந்து நேர வந்தனான் எண்டுதான் அகதிக் கேஸ் போட்டிருக்கிறன். வியாழக்கிழமை விசாரணை. உந்தக் கதையை ஆரும் அங்க கொண்டுபோய்க் காட்டினா, என்னைத் திருப்பி ஏத்திப்போடுவாங்கள்.”

“அப்ப ஏன் பிள்ளை சொன்னனீ?”

“இஞ்ச வந்த நாள் தொட்டு அந்த நாட்டின்ரை பேரே வாயில வராமப் பாத்துக்கொண்டனான். அண்டைக்கு எனக்கும் சிரிக்கோணும் போல இருந்தது அண்ணை.”

4
அன்புராசா சுவீடனை நோர்வே ஆக்கிப் பார்த்தார். மாளிகைக்குச் சிவப்புப் பூச்சு அடித்தார். பூவை எடுத்துவிட்டால் கதையே இல்லை; வைத்தால் ஆள் அகப்படுவாள். கோபம் கோபமாக வந்தது.

முடிவு ஒன்று: விசாரணையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவள் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறாள்.
முடிவு இரண்டு: “வேறு நாட்டில் இருந்தீர்களா?” யோகராணி வாயைத் திறந்து,

இல்லை. இதை அவர் எழுதமாட்டார்.

5
இன்று புதன். பத்திரிகைக்காரர் கதையைக் கேட்டுக் காலையிலிருந்து போன் எடுத்தபடி. ஆனால் நீங்கள் இதை வாசித்துவிட்டீர்கள். இனி அந்த மேசையில் இருந்தவர்களில் நீங்களும் ஒருவர். அவள் தோட்டக்காரரிடம் பூவை நீட்டியது போல அன்புராசா இந்தத் தாளை உங்களிடம் நீட்டுகிறார். விசாரணை நாளைக்கு.