லூர்துவின் கை இறங்காத விவரம்

1997 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு லூர்து தூக்கிய வலது கை அடுத்த எட்டு வருஷம் மூன்று மாதம் இறங்கவில்லை. அந்த வாரம் புனே சந்தையில் தக்காளி கிலோ எட்டு ரூபாய் விற்றது. கை தூக்கப்பட்ட இடம், பாணேருக்கு அப்பால் கோலேமளா என்ற மேட்டில் போடப்பட்ட பந்தல். அங்கே அன்று உள்ளூர் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வீடு, கடை, ஆபீஸ், சினிமா கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே மதிலுக்குள் வரப்போகிற 'ஆனந்தவிஸ்தார்' நகரியத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கம்பெனிக்குத் தாங்க முடியாத ஆவல். அந்த ஆவலில் வரைபடத்தை முதலிலேயே அச்சடித்துவிட்டிருந்தார்கள்.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதினோரு தமிழ்க் குடும்பங்கள், சொஸைட்டி லோன் போட்டு, எண்பத்தொன்பதில் அந்த மேட்டில் ஆளுக்கு ஒரு குண்டா, அதாவது இரண்டரை சென்ட், நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தன. வீடுகளிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரே வண்டிப்பாதை. பந்தலில் தொங்கிய துணி வரைபடத்தில் பதினோரு வீடும் இருந்தன. பாதை இருந்த இடத்தில் பச்சை மையில் பூங்கா வரைந்திருந்தது. அந்தப் பதினொன்றில் ஒரு வீட்டுக்காரனான லூர்து எழுந்து நின்று கையைத் தூக்கினான்.

மேடையில் கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆலோசகர் சுந்தரராமன் பேசிக்கொண்டிருந்தார். தமிழர்களைத் தமிழிலேயே சமாதானப்படுத்தப் பாணேர் அடுக்குமாடியிலிருந்து வரவழைக்கப்பட்டவர். "நாங்க கட்டறது கட்டடம் இல்லை, ஒரு வாழ்வியல்" என்றார். கீழே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் கந்தசாமி, "அதுக்கு தண்ணி எந்த பைப்புல வரும்னு கேளுடா" என்று லூர்துவின் இடுப்பில் குத்தினான். சுந்தரராமன் கையைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கோ லூர்து. கேள்வி நேரம் கடைசியில இருக்கு." கடைசியில் சமோசாதான் இருந்தது.

இங்கே ஒரு தொழிற்சாலை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெடிமருந்து நிரப்பும் கொட்டகையில் மருந்துத் தட்டு திறந்திருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். மேஸ்திரி பார்த்துத் தலையசைக்கும்வரை இறக்கக் கூடாது. பாதியில் இறக்கினவன் எதற்குத் தூக்கினான் என்று தெரியாமல் போய் ஆள் செத்தால் யார் பொறுப்பு? இருபத்தாறு வருஷம் இந்த ஒழுங்கில் ஊறிய கை அது. பந்தலில் யாரும் தலையசைக்கவில்லை. கை நின்றுவிட்டது.

கூட்டத்தின் அறிக்கை பதினைந்து நாளில் வந்தது. 'திட்டத்தை ஆதரித்து உள்ளூர்வாசிகள் கை உயர்த்தினர்' என்று எழுதி, கீழே லூர்துவின் படத்தைப் போட்டிருந்தார்கள். அவன் அதைப் படித்த அன்று வீட்டில் இரண்டு தட்டுகள் உடைந்தன, இரண்டும் இடது கையால். அதே படம் கம்பெனியின் விளம்பரத் தாளிலும், பாணேர் சாலையில் இருபது அடி பலகையிலும் வந்தது. மறுப்புக் கடிதம் கொடுக்கப் போனவனைக் கம்பெனி வரவேற்பறைப் பெண் நிமிர்ந்து பார்த்து, "இப்பவும் ஆதரிக்கிறீங்களே சார்" என்றாள். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வாழ்க்கை நடந்தது. மனைவி பாத்திமா மேரி அவன் சட்டைகளை வலது பக்கம் பிரித்து ஊக்கு வைத்துத் தைத்தாள். பஸ்ஸில் பிரச்சினை இல்லை, கம்பியைப் பிடித்துக்கொள்வான். ரிக்ஷாக்கள் கேட்காமலே நின்றன, திட்டிவிட்டுப் போயின. மாதா கோயிலில் சாமியார் எந்த வேலைக்கு ஆள் கேட்டாலும் லூர்து தலையில்தான் விழுந்தது. மூன்று வருஷம் பாடல் குழுவுக்குச் செயலாளராக இருந்தான், பாடத் தெரியாமலே. மழைக்காலத்தில் தண்ணீர் விரல் வழியாக இறங்கி அக்குளில் தேங்கியது. டாக்டர் எலும்பு, நரம்பு எல்லாம் பார்த்துவிட்டு, 'நோய் ஒன்றுமில்லை, அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

"படுக்கும்போதாவது இறக்கேன்யா" என்பாள் பாத்திமா மேரி.

"எவன் தலையாட்டினான், இறக்கறதுக்கு?"

"நல்ல கை. நீ ஒரு கட்சி, அது ஒரு கட்சி."

இரண்டாம் கட்டத்துக்கு 2000இல் கருத்துக் கேட்டார்கள், மூன்றாம் கட்டத்துக்கு 2003இல். ஒவ்வொரு முறையும் லூர்து போனான். ஒவ்வொரு முறையும் சுந்தரராமன், "கேள்வி நேரம் கடைசியில" என்றார். கை ஆதரவில் சேர்ந்தது. போகாமல் இருந்தால் என்ன என்று கந்தசாமி கேட்டதற்கு, "போகாதவன் மௌனமா ஒத்துக்கிட்டான்னு எழுதுவானுங்க" என்றான் லூர்து. இதற்குள் சுந்தரராமன் 'பங்கேற்பு' என்ற சொல்லுக்காக டெல்லியில் ஒரு கேடயம் வாங்கியிருந்தார்.

2005 பிப்ரவரியில் மதில் பாதையை மூடியது. மெயின் ரோட்டுக்கு இனி மூன்று கிலோமீட்டர் சுற்று. ஏப்ரலில் கந்தசாமிக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஊதிக்கொண்டிருந்தது. காய்கறித் தள்ளுவண்டியில் அவனைப் படுக்கவைத்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். லூர்து ஒற்றைக் கையால் தள்ளினான். பாதி மதிலில் கந்தசாமி முடிந்துபோனான். அவன் மனைவி வனஜா அழவில்லை. "உன் கைய பாத்து பாத்துதான்யா அவங்களுக்கு தைரியம் வந்துச்சி" என்றாள் லூர்துவிடம். அவள் சொன்னது அநியாயம் என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும். அன்றிலிருந்து அந்தக் கையைத் தொட்டால் சுட்டது. பாத்திமா மேரி ஈரத்துணி சுற்றி வைத்தாள், துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

கடைசிக் கருத்துக் கேட்பு 2006 மார்ச்சில், ஆனந்தவிஸ்தாரின் குளிரூட்டிய மண்டபத்திலேயே நடந்தது. மத்தியானம் ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பும் பூரியும் போட்டார்கள். நடுவில் நகரியம் முழுவதையும் சின்னதாகச் செய்து வைத்திருந்தார்கள். ஜன்னல்களில் விளக்கு எரிந்தது, சுண்டுவிரல் உயரத்துக்கு மதில்கூட இருந்தது. அதிகாரி ஒருவர் படம் காட்டிப் பேசினார். தலைமை வகித்த சுந்தரராமன் ஸ்ரீகண்டைச் சற்று அதிகமாகவே சாப்பிட்டிருந்தார். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் கண் சொக்கி, தலை முன்னால் விழுந்து, நிமிர்ந்தது.

கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தலையசைந்தது, அவ்வளவுதான்.

மாதிரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்து எழுந்தான். எட்டு வருஷத்தில் அவன் நூறு விதமாக யோசித்து வைத்திருந்த பேச்சில் ஒன்றும் வரவில்லை. "எங்க வழி எங்க சார்?" என்றான். "கந்தசாமி எந்தப் பக்கமா போயிருக்கணும்? சொல்லு." சுந்தரராமன் திடுக்கிட்டு விழித்து, பழக்கத்தில், "நோட் பண்ணிக்கோங்கோ" என்றார். அப்போது கை இறங்கியது. எட்டு வருஷப் பாரத்தோடு மாதிரி நகரியத்தின் வடக்கு மதில் மேல் விழுந்தது. சின்ன விளக்குகள் அணைந்தன.

அதே இரண்டு பத்துக்கு, வெளியே, ரேஷன் பையோடு மதிலைச் சுற்றி வந்துகொண்டிருந்த வனஜாவின் முன்னால், பழைய வண்டிப்பாதையை மறித்த இடத்தில், வடக்கு மதில் படுத்தது. மாதிரி ஒன்றுக்கு நூறு என்ற அளவில் செய்யப்பட்டது; ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கிட்டத்தட்ட முப்பது அடி வர வேண்டும், வந்ததும் முப்பது அடிதான். செங்கற்களில் விரல் பதிந்த பள்ளம் இருந்ததைப் பொறியாளர்கள் அளந்து எழுதினார்கள். வனஜா பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "போன வருஷம் விழுந்திருந்தா என்ன கேடு" என்று மதிலைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அதன்மேல் நடந்து வீட்டுக்குப் போனாள்.

கம்பெனி மூன்று முறை திரும்பக் கட்டியது. அந்த முப்பது அடிக்கு மட்டும் சிமெண்ட் இறுகவில்லை. மழை மேல் பழியைப் போட்டார்கள், மே மாதத்தில். பிறகு அங்கே ஒரு வளைவு கட்டி, மக்கள் பங்கேற்பு வாசல் என்று மராத்தியில் எழுதி, சுந்தரராமனை வைத்துத் திறந்தார்கள். லூர்து விழாவுக்குப் போனான். கைதட்டச் சொன்னபோது இரண்டு கைகளையும் பேண்ட் பையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கோபம் தீரவில்லை; தீர வேண்டிய அவசியமும் இல்லை.

வாசலில் ஒரு காவலாளியை உட்காரவைத்து, போகிற வருகிறவர்கள் பெயரும் காரணமும் எழுத நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். பால் வண்டி, ஸ்கூல் ரிக்ஷா, ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த வழியாகவே போகின்றன. வனஜா மட்டும் தினமும் நின்று, எழுதிக்கோ என்று இந்தியில் தொடங்கி, தமிழில் காரணம் சொல்வாள்: "லிக்கோ பையா, என் வழியில நான் போறேன்." அவனுக்குத் தமிழ் தெரியாது. தலையசைத்து எழுதிக்கொள்கிறான்.