புளியமரம் பேசப் போன சைக்கிள்

புதூர்நாட்டு மலையில் புளியமரத்தின் காய்ப்பை விலை பேசுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் மரத்தடிக்கு வர வேண்டும். மரத்துக்காரர் ஒரு பழத்தை உடைத்துக் கொடுப்பார். அதை அங்கேயே நின்று தின்ன வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது. அந்த வருடம் அந்த மரத்தை வேறு யாருக்கும் காட்ட மாட்டார்கள். வாணியம்பாடி உஸ்மான் பாயின் புளி மண்டி இப்படி வளர்ந்ததுதான்.

இந்த வருடம் மண்டிப் பொறுப்பை எடுத்துக்கொண்ட அவர் மகன் சுஃப்யான் மலை ஏறவில்லை. மரங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி மரத்துக்காரர்களில் மூத்தவளான ராணியம்மாளுக்குச் செய்தி போட்டான். அவள் பதிலே சொல்லவில்லை. அவள் கொடுக்காத மண்டிக்கு அந்த ஊரில் யாரும் மரம் கொடுக்க மாட்டார்கள். குடும்பத்தின் பேரே போய்விடும்.

உஸ்மான் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தார். மலையைச் சைக்கிளில் சுற்றி வர வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. இப்போது போக வேண்டிய வேலையும் வந்துவிட்டது.

மனைவி சலீமா வாசலை மறித்தாள். "வூட்ல கார் நிக்கசொல்ல சைக்கிள்ல போறீங்களே, சம்பந்தி வூட்ல இன்னா சொல்வாங்க?"

"உஸ்மானுக்கு முட்டி நல்லா இருக்குதுன்னு சொல்வாங்க."

மலைப்பாதையில் ஏறி மிதித்தார். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார். இத்தனை வருடம் ஜீப்பில் போனபோது கண்ணில் படாததெல்லாம் பட்டது. பலாவின் அடிமரத்தில் பிஞ்சு முட்டிக்கொண்டிருந்தது. கீழ் வளைவுகளில் புளி சன்னமாகவும், மேலே போகப் போகச் சடைசடையாகவும் தொங்கியது. பாறை ஊற்றில் முகம் கழுவினார்.

ஜீப் ஓட்டும் வெற்றிவேல் பக்கத்தில் வந்து நிறுத்தினான். "சைக்கிள தூக்கி மேல போடுங்க பாய். யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் பாப்பேன் இல்ல? நீ போ. நான் வர்றேன்னு ராணியம்மா கிட்ட சொல்லு."

அவர் ஊருக்குள் நுழையும்போது ராணியம்மாள் தன் நிலத்தோரம் நின்றிருந்தாள்.

"பாய் தள்ளிகினு வர்றாருன்னு வெற்றிவேல் சொன்னான். நான் நம்பல."

"பாதி தள்ளினேன், பாதி மிதிச்சேன்."

"உங்க மவன் போட்டோ கேக்கறாரு. மரத்துக்கு இன்னா மாப்பிள்ள பாக்கறாங்களா?"

உஸ்மான் தலை குனியவில்லை, சாக்கும் சொல்லவில்லை. "தப்பு எங்க வூட்டு மேலதான். அதான் நானே வந்தேன்."

அவள் வரப்பைக் காட்டினாள். "மூச்சு வாங்குது. உக்காருங்க."

"மரத்தடிக்குப் போய்ட்டு உக்காரலாம்."

அவள் முன்னே நடந்தாள். பெரிய மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து உடைத்து நீட்டினாள். உஸ்மான் நிமிர்ந்து நின்று கொட்டை வரைக்கும் தின்றார். புளிப்பில் கண் சுருங்கியது. முகத்தைத் திருப்பவில்லை.

"அடுத்த வருசம் மவன் வரட்டும்," என்றாள்.

"வருவான். இந்த எடத்துல நிப்பான்."

அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். அவள் கொடுத்த சாமைச் சோற்றை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார்.

"ஊருக்கா பாய்?"

"இல்ல. ஜமுனாமரத்தூர் போய்ட்டு, மலைய சுத்திகினு படவேடு பக்கமா எறங்கறேன்."

"அங்க எந்த மரம் பேசணும்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா."

அவள் சிரித்தாள். அவர் பெடலில் கால் வைத்தார். ஊரைத் தாண்டியதும் பாதை இறங்கியது. மிதிக்காமலே சைக்கிள் ஓடியது.