கப்பல் விழுந்த விதம்

தியாகுவுக்கு வாய் அடங்காது என்பது மலாக்காவின் காஜா பெராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். கட்டிக்கொண்ட ருக்மணிக்குத் தெரியாமல் இருக்குமா? ஜப்பான்காரன் வந்து ஊரே வாயைப் பொத்திக்கொண்டு திரிந்த காலத்திலும் அந்த மனிதர் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுவதை மட்டும் விடவில்லை. அவர் வேலை பார்த்த பஸ் பட்டறையை மூடி மாதக்கணக்காயிற்று. வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் வேகவில்லை. ஆனால் கப்பலா, பெத்ரோவா என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அவருக்குப் பசியெல்லாம் பறந்துவிடும்.

கப்பல் என்றால் மருதமுத்து. ஆறடிக்கு மேல் உயரம், வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. அவர் மேடையேறுவதைப் பார்த்து, கப்பல் துறைக்குள் வருவது போல இருக்கிறது என்று எவனோ சொல்லப்போக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நோட்டீசில் அப்படிப் போடமாட்டார்கள். தமிழர்கள் வாயில் மட்டும் அவர் கப்பல். ஹெவிவெயிட்டில் மலாக்கா சாம்பியன் அவர்தான். பெத்ரோ போர்ச்சுகீசியக் குடியிருப்புப் பையன், சிங்கப்பூரில் பட்டம் வாங்கி வந்தவன். அந்தப் பஞ்சத்திலும் இரண்டு சாம்பியன்களையும் ஊர்க் கேளிக்கைப் பூங்காவில் மோதவிட்டார்கள். நாலாவது ரவுண்டில் கப்பல் விழுந்தார், எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு. பெத்ரோவின் இடது கைக்கு முன்னால் எவன் நிற்பான் என்றார்கள் சிலர். மருதமுத்துவுக்கு வயதாகிவிட்டது, பட்டத்தை எப்போதோ விட்டிருக்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். காப்பிக்கடை காதர் மைதீன், "வயித்துக்கு ஒழுங்கா சோறு கெடைச்சிருந்தா அவரு விழுந்திருக்க மாட்டாருலா" என்று முணுமுணுத்தார். தியாகுவோ மருதமுத்துவைக் கும்பிடாத குறையாகக் கொண்டாடியவர். அந்த வயிற்றெரிச்சலில் வாய்க்கு வந்தபடி பேசினார். "அடி சரியா படவே இல்ல. நான் மேடைக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன். காசுக்கு ஆட்டத்த வித்துட்டான், வேணும்னே படுத்துட்டான்." ஊரெல்லாம் சொன்னது போதாதென்று, பாசாரில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், மருதமுத்து எதிரே வந்தபோது அவர் காலடியில் காறித் துப்பவும் செய்தார். பக்கத்தில் நின்ற ருக்மணிக்கு அன்றைக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

அந்த வாய்தான் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது. கம்போங் செட்டி என்ற குடியிருப்பிலிருந்த நடராஜன் பெத்ரோ கட்சி. அங்கத்து மலாக்காச் செட்டிகளுக்குக் கோயில், திருநீறு, பொங்கல் எல்லாம் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். நடராஜனோடு சண்டை பிடிக்க வேண்டுமென்றால் மலாயில்தான் பிடிக்க வேண்டும். தியாகு பிடித்தார். பட்டப்பகலில், காதர் மைதீன் கடையில், மேசையைத் தட்டி, "கப்பால் சுடா தெங்கெலாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கப்பல் முழுகிவிட்டது என்று அர்த்தம். மருதமுத்து விழுந்ததை நடராஜனுக்குப் புரியும்படி சொல்கிறாராம்! தமிழிலும் மலாயிலும் கப்பலுக்கு ஒரே பெயர் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை.

கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜப்பான்காரனின் ஒற்றனுக்கு எட்டிவிட்டது. ஜப்பான் கப்பல் முழுகினால் அந்தச் சங்கதி ஊருக்குள் வரக்கூடாது. தெரிந்தவன் எவனோ அவன் வீட்டில் திருட்டு ரேடியோ இருக்கிறது என்று கணக்கு. ரேடியோ வைத்திருந்தவர்களுக்குத் தலை மிஞ்சியதில்லை. சிப்பாய்களைக் கண்டதும் நடராஜன் பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடி ஒளிந்துகொண்டான். தியாகு வாயைத் திறந்தபடியே அகப்பட்டார்.

வீட்டுக்கு வந்த சிப்பாய்கள் பலகைச் சுவரைப் பெயர்த்தார்கள், அடுப்பை இடித்தார்கள். இல்லாத ரேடியோ எங்கே கிடைக்கும்? நன்றாக ஒளித்திருக்கிறான் என்று முடிவுகட்டிப் போனார்கள். நடந்ததையெல்லாம் காதர் மைதீன் வந்து சொன்னபிறகுதான் ருக்மணிக்கு விஷயம் விளங்கியது. ராணுவப் போலீஸ் கட்டடத்துக்கு ஓடினாள். கல்வீட்டுக்குள்ளிருந்து வந்த அலறலில் புருஷன் குரலை அடையாளம் கண்டாள். ஆபீசருக்கு மொழிபெயர்க்கும் துபாஷி வெளியூரான், ஜப்பான் பேச்சும் மலாயும் மட்டும் தெரிந்தவன். வாசலில் நெற்றி தரையில் படக் குனிந்து அவள் கெஞ்சியதைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"கப்பல் என்பது ஒரு ஆள் என்றுதான் உன் புருஷனும் சொல்கிறான். அப்படி ஒரு ஆள் இருந்தால் நாளைக் காலையில் கூட்டி வா. இல்லையென்றால் நீயும் வரவேண்டாம்."

மருதமுத்து பத்து பெரெண்டாமில், விமானத் திடலில் கல் சுமந்துகொண்டிருந்தார். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போனவள், அவர் தன் முன்னால் நின்றபோதும் அடையாளம் தெரியாமல் அவரைத் தாண்டிப் பார்த்தாள். உயரம் மட்டும்தான் மிச்சமிருந்தது. தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது, கால்கள் வீங்கியிருந்தன. இந்த உடம்பைக் கப்பல் என்று சொன்னால் எவன் நம்புவான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் தியாகு சம்சாரம்."

"தெரியும்மா. பாசார்ல கூட நின்னியே."

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் கல் கூடையைக் கீழே வைக்கவில்லை. "சரி, நான் வித்துட்டேன்னு சொன்னாரே, அது தப்புன்னு உங்கிட்டயாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார்.

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "இல்லண்ணே. இன்னமும் அப்படித்தான் நெனைக்கிறாரு. நான் நம்பலண்ணே. நான் நம்பி என்ன ஆவப்போவுது" என்று விம்மினாள்.

மருதமுத்து கூடையை இறக்கினார். "பெத்ரோ நல்ல ஆட்டக்காரன், அவன் பேர நான் கெடுக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு வயித்துல ஒன்னுமில்ல தங்கச்சி. நாலாவது ரவுண்டுல கண்ணு இருட்டிருச்சு, அவன் கை எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. இத்தன வருசத்துல நான் ஒரு தடவகூடப் பொய்யா விழுந்ததில்ல. எங்கிட்ட இருந்தது அது ஒன்னுதான். அதுமேலதான் உன் வீட்டுக்காரரு துப்புனாரு."

அவள் காலில் விழப்போனாள். அவர் நகர்ந்துகொண்டார். "அந்த வாசல்ல நொழஞ்சா திரும்பி வர்றது நம்ம கையில இல்ல" என்றார். பிறகு, "காலையில வர்றேன், போ" என்றார்.

மறுநாள் கட்டடத்தின் பின்முற்றத்தில் ஜப்பான் ஆபீசர் மருதமுத்துவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். விலா எலும்பைக் குச்சியால் தட்டினான். இதுவா கப்பல், இது தோணிகூட இல்லையே என்று அவன் சிரித்ததைத் துபாஷி மலாயில் சொன்னான். தியாகுவை இழுத்து வந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது, வலது கை தொங்கியது. மருதமுத்துவைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். ருக்மணி சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"கப்பல் எப்படி முழுகியதென்று காட்டச் சொல்கிறார்" என்றான் துபாஷி, தியாகுவிடம். "நீ அடி. அவன் முழுகினால் நீ சொன்னது நிஜம். முழுகாவிட்டால் ரேடியோ."

தியாகு இடது கையைத் தூக்கினார். அது மருதமுத்துவின் தோளில் பட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடித்தவர்தான் தடுமாறினார். ஆபீசரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது, கை வாள்பிடிக்குப் போனது. ருக்மணிக்கு எல்லாம் முடிந்தது என்று தோன்றிவிட்டது.

"இன்னொன்னு போடுங்கண்ணே" என்றார் மருதமுத்து தமிழில், மெல்ல. "தாடையில. கண்ண மூடிட்டுப் போடுங்க."

தியாகு அழுதுகொண்டே போட்டார். ஒரு குழந்தைகூட விழுந்திருக்காத அடி அது. மருதமுத்து இரண்டு கையையும் விரித்து, ஒரு சுற்று சுற்றி, கூத்துக்காரன் மாதிரி தடாலென்று மல்லாந்து விழுந்தார். புழுதி கிளம்பியது. ஆபீசர் தொடையைத் தட்டிச் சிரித்தான். சிப்பாய்களும் சிரித்தார்கள். "கப்பால் தெங்கெலாம்! கப்பால் தெங்கெலாம்!" என்று துபாஷி கை தட்டினான்.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில், தரையில் கிடந்தபடியே, மருதமுத்து தியாகுவை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா பாத்துக்குங்கண்ணே. இதுதான் பொய்யா விழறது. அன்னிக்கு நான் விழுந்தது இப்படியா இருந்துச்சு?"

தியாகு இல்லை என்று தலையை ஆட்டினார், திரும்பத் திரும்ப ஆட்டினார்.

ஆபீசர் தியாகுவைப் போகச் சொல்லிக் கையசைத்தான். ருக்மணி கையெடுத்துக் கும்பிட்டு மருதமுத்துவையும் எழுப்பப் போனபோது துபாஷி குறுக்கே வந்தான். நெட்டையான ஆள், சயாம் ரயில் வேலைக்கு ஆகும், முன்வாசலில் லாரி நிற்கிறது என்றான். அந்த வேலைக்குப் போனவர் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை. நான்தான் கூட்டி வந்தேன், என் புருஷனுக்காக வந்தவர் என்று அவள் கத்தினாள். அதைக் கேட்க அங்கே யாருமில்லை.

லாரியில் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லாத் தலைக்கும் மேலே மருதமுத்துவின் தலை தெரிந்தது. லாரி கிளம்பியபோது தியாகு அவள் பிடியை உதறிவிட்டு ரோட்டின் நடுவுக்கு ஓடினார். அவர் மேடைக்கடியில் நின்று எத்தனையோ முறை கத்திய பெயரைக் கத்தப் போகிறார் என்பது அந்த வாய் திறந்ததுமே ருக்மணிக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றுகொண்டிருந்தான். அவள் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் புருஷன் வாயை இறுக்கிப் பொத்தினாள். லாரி திருப்பத்தில் மறையும்வரை அந்தப் பெயர் அவள் உள்ளங்கைக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது.